சலோரி முதல் கஹ்மர் வரை: வேலை கேட்கும் வாக்காளர்கள்

2024 மே 21, நாக்பூர் தாண்டி

கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் நான்கு பையன்கள். எல்லோரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சொந்த ஊர் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், காசிப்பூர், பலியா பக்கம். மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் நமக்கு ஏப்ரல் 19-ம் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. அவர்கள் ஊரில் ஏழாவது கட்டம், ஜூன் 1.

"ஓட்டுப் போடத்தான் போறீங்களா?" என்று கேட்டேன். ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறான், அப்படியே ஓட்டும் போட்டுவிடுவான். மற்ற மூவரில் இருவர் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. பதினெட்டு வயது ஆனபோது திருப்பூரில் இருந்தார்கள், யாரும் பதியவில்லை, அதற்குப் பிறகு ஊரில் இருந்ததே சேர்ந்தாற்போல் பத்து நாள்தான். நான்காமவன் செக்கிங் பிரிவில் இருக்கிறான். பி.எஸ்சி. படித்தவன். ரயில்வே தேர்வு எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, வீட்டில் காசு தீர்ந்ததும் ரயிலேறியவன். போபாலில் வேலை பார்த்த காலத்து இந்தி எனக்குக் கைகொடுத்தது. ஆனால் அவன் என்னிடம் தமிழில்தான் பேசினான். நல்ல கொங்குத் தமிழ்.

இந்தப் பயணத்துக்குக் காரணமும் இவர்களைப் போன்றவர்கள்தான். மார்ச்சில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, நாட்டில் வேலையில்லாதவர்களில் கிட்டத்தட்ட 83 சதவீதம் பேர் இளைஞர்கள் என்றது. அதே மாதம் தேர்தல் ஆணையம் சொன்ன கணக்கில், 18, 19 வயதில் பட்டியலில் இருப்பவர்கள் சுமார் 1.8 கோடி. அந்த வயதில் நாட்டில் இருப்பவர்களோ ஐந்து கோடிக்கு நெருக்கம். பாதிக்கு மேல் வெளியே நிற்கிறார்கள். இவர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேரில் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினேன்.

மே 22, அலகாபாத்

2018-ல் ஊருக்குப் பிரயாக்ராஜ் என்று பெயர் மாறியது. மக்களவைத் தொகுதி இன்னும் அலகாபாத்தான், அறைகளில் இருக்கும் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

விடியும் முன்பே சியோகி ஸ்டேஷனில் இறங்கி சலோரிக்கு வந்துவிட்டேன். சலோரி, சோட்டா பகாடா, அல்லாபூர், கட்ரா. பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் கங்கைக் கரையை ஒட்டியும் இருக்கும் இந்தப் பகுதிகளில்தான் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் போட்டித் தேர்வுப் படை குடியிருக்கிறது. மூன்று மாடி, நான்கு மாடி லாட்ஜுகள், பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கடைகளில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், பழைய வினாத்தாள், அப்புறம் அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர். வேறு வியாபாரம் கண்ணில் படவில்லை.

நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான ஜௌன்பூர் இளைஞர் தன் அறைக்குக் கூட்டிப் போனார். பத்துக்கு எட்டு இருக்கும். இரண்டு பேர், இரண்டு கட்டில், ஒரு ஏர் கூலர். சுவரில் இந்தியா படம், உலகப் படம், அரசியலமைப்புப் பிரிவுகளின் பட்டியல். வாடகை மூவாயிரம். மதியம் தஹரி சமைத்தார்கள். அரிசி, உருளை, பட்டாணி, மஞ்சள் எல்லாம் ஒரே குக்கரில். காய் நறுக்கும் நேரமும் பாத்திரம் கழுவும் நேரமும் மிச்சம் என்பதால் இங்கே முக்கால்வாசி அறைகளில் மதியம் இதுதான். 45 டிகிரி வெயிலில் அறையில் உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் மாதம் ஐந்நூறு, அறுநூறு கட்டி ஏசி வாசிப்பு அறையில் ஒரு நாற்காலி பிடித்திருக்கிறார்கள். அதற்கு 'லைப்ரரி' என்று பெயர். உள்ளே புத்தகம் எதுவும் கிடையாது, தடுப்பு வைத்த மேசைகள் மட்டும்.

இங்கே யாரும் வேலையின்மைச் சதவீதம் பேசவில்லை. வயதைத்தான் பேசுகிறார்கள். "உனக்கு எத்தனை?" என்று ஒருவன் கேட்டால், வரம்பு முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று மற்றவன் சொல்கிறான். ஜௌன்பூர்க்காரர் கதையும் அதுதான். மாநிலக் காவல்துறையில் 2018-க்குப் பிறகு ஐந்து வருஷம் கான்ஸ்டபிள் ஆளெடுப்பே இல்லை. 2023 டிசம்பரில் 60,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இடைவெளியை ஒப்புக்கொண்டு வயது வரம்பை மூன்று ஆண்டு தளர்த்தினார்கள். அந்தத் தளர்வில்தான் இவர் உள்ளே வந்தார். விண்ணப்பித்தவர்கள் 48 லட்சத்துக்கும் மேல்.

மே 23

பிப்ரவரி 17, 18 தேதிகளில் நடந்த அந்தத் தேர்வின் வினாத்தாள் வெளியானது. 24-ம் தேதி ரத்து. ஆறு மாதத்துக்குள் மறுதேர்வு என்று அறிவித்தார்கள். இன்னும் தேதி வரவில்லை.

பிப்ரவரி 11-ம் தேதி மாநிலத் தேர்வாணையத்தின் ஆய்வு அலுவலர் தேர்வும் அப்படியே போனது. 411 இடம், பத்து லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம், மார்ச் 2-ல் ரத்து. ஆணையத்தின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதன் வாசலில் பிள்ளைகள் போய் உட்கார்ந்து போராடித்தான் அந்த ரத்தை வாங்கினார்கள். காலையில் அந்த வாசலைப் போய்ப் பார்த்தேன். தடுப்புக் கம்பிகளும் ஒரு போலீஸ் வேனும் நின்றன.

கான்ஸ்டபிள் விண்ணப்பக் கட்டணம் 400 ரூபாய். அறையில் இருந்த தேவரியா பையன் நோட்டில் பெருக்கிக் காட்டினான்: 48 லட்சம் பெருக்கல் 400, 192 கோடி. "பணம் போனாப் போகட்டும் பையா (இந்தியில் அண்ணா). தேர்வுக்கு எனக்கு வேற மாவட்டம் போட்டாங்க. ரயில்ல நிக்க இடமில்ல, ராத்திரி பிளாட்பாரத்துல படுத்தோம். பேப்பர் நல்லா எழுதினேன். இருபத்தஞ்சு கேள்விக்கு மேல தப்பே வராது. அதை யார்கிட்ட போய்க் கேக்கறது?"

நன்றாக எழுதியவனுக்குத்தான் ரத்து அதிகம் வலிக்கிறது. இதை நான் இங்கே வரும்வரை யோசித்ததில்லை. ரத்து வேண்டும் என்று போராடியவர்களில் அவனும் ஒருவன் என்பது இன்னும் கனமாக இருந்தது.

கசிவுக்கு எதிராக மத்திய அரசு பிப்ரவரியில் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. கும்பலாகச் செய்தால் பத்து ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதம். அது மத்தியத் தேர்வுகளுக்கு. 2024 மே வரை நடைமுறைக்கு வரவும் இல்லை.

இரவு மொட்டை மாடியில் பேச்சு 2022 ஜனவரிக்குப் போனது. ரயில்வேயின் என்டிபிசி (தொழில்நுட்பம் சாராத பணிகள்) தேர்வு 2019-ல் அறிவிக்கப்பட்டது. 35,000 இடங்களுக்கு ஒன்றேகால் கோடி விண்ணப்பம். முடிவு வந்த விதத்தை எதிர்த்துப் பிகாரிலும் இங்கேயும் மாணவர்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். போலீஸ் இந்த லாட்ஜுகளுக்குள் புகுந்து கதவுகளைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. சில போலீஸ்காரர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். இடித்த கதவுகளில் ஒன்று பக்கத்துச் சந்தில் தகரம் அடித்து இன்னும் இருக்கிறது என்றார்கள். காலையில் பார்க்கலாம் என்றேன், வேண்டாம் பையா என்று தடுத்துவிட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் 2022 ஜூலையில் சொன்ன பதில் ஒன்று என் நோட்டில் இருந்தது. 2014 முதல் எட்டு ஆண்டுகளில் மத்திய அரசு வேலைக்கு வந்த விண்ணப்பம் 22.05 கோடி, பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். வாசித்துக் காட்டினேன். அவர்கள் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

நம் பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 9-ம் தேதி நடக்கப்போகும் நம்முடைய குரூப் 4 தேர்வில் 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு இங்கே எண்பது பேர் என்றால் அங்கே முந்நூறுக்கு மேல். கேட்டதும் தேவரியா பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப உங்க ஊருலயும் இப்படி ரூம்ல கெடக்கறாங்களா?" கிடக்கிறார்கள்தான். ஆனால் பலர் ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலோ திருப்பூரிலோ மாதம் பதினைந்தாயிரத்துக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. தேவரியாவில் அந்த ஏதோ ஒன்று இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் பலருக்குப் பிழைப்புத் தந்தவை சர்க்கரை ஆலைகள், அவற்றில் பல மூடிக் கிடக்கின்றன.

மே 24

பிரச்சாரம் ஓய்ந்த மறுநாள். எல்லோரும் அரசுக்கு எதிராகப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாசிப்பு அறை நடத்தும் இளைஞர் ஒருவர், வயது முப்பதுக்குள், முத்ரா கடன் வாங்கி அதைத் தொடங்கியவர். பாஜக தேர்தல் அறிக்கை அந்தக் கடன் வரம்பைப் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சமாக்குவோம் என்கிறது. "எல்லாருக்கும் சர்க்காரே வேலை குடுக்க முடியுமா? சாலை வந்திருக்கு, கரண்ட் வந்திருக்கு, ராத்திரி பொண்ணுங்க கோச்சிங் முடிச்சு நடந்து வராங்க" என்றார். பெண்கள் பயமில்லாமல் நடப்பது சின்ன விஷயம் இல்லை. அவருடைய நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அரசு வேலைக்குப் படிப்பவர்கள் என்பதையும் அவரே சொன்னார்.

காங்கிரஸ் அறிக்கையில் மத்திய அரசின் 30 லட்சம் காலியிடங்களை நிரப்புவோம், 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிக்கும் டிப்ளமோ முடித்தவருக்கும் ஒரு வருடப் பயிற்சி வேலையும் ஒரு லட்சம் ரூபாயும் தருவோம் என்று இருக்கிறது. லாட்ஜில் இதைப் பலர் அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். நம்புகிறார்களா? ஜௌன்பூர்க்காரர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "நம்பறதுக்கு இல்ல. நாளைக்குப் போய்க் கேக்கறதுக்கு."

அலகாபாத் தொகுதியின் இரு முக்கிய வேட்பாளர்களும் பெரிய அரசியல்வாதிகளின் மகன்கள். பாஜகவின் நீரஜ் திரிபாதி, முன்னாள் ஆளுநர் கேசரிநாத் திரிபாதியின் மகன். காங்கிரஸின் உஜ்வல் ரமண் சிங், இங்கே முன்பு எம்.பி.யாக இருந்த ரேவதி ரமண் சிங்கின் மகன்.

மே 25, ஓட்டுப்பதிவு

காலை ஏழு மணிக்கே சலோரி வெறிச்சோடிவிட்டது. ஜௌன்பூரிலும் பிரதாப்கரிலும் இன்றைக்கே ஓட்டு என்பதால் அந்தப் பக்கத்துப் பையன்கள் நேற்று இரவே பஸ் பிடித்துவிட்டார்கள். தேவரியா, பலியா பையன்களுக்கு ஜூன் 1. பாந்தாவிலிருந்து வந்த ஒருவனுக்கு 20-ம் தேதியே முடிந்துவிட்டது. அவன் போகவில்லை. மறுநாள் மாதிரித் தேர்வு இருந்ததாம்.

பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள், நடுத்தர வயதினர், வயதானவர்கள். வருடம் முழுக்க இந்தத் தெருக்களை நிரப்பியிருக்கும் இளைஞர்களை அந்த வரிசையில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. படிக்கும் ஊரில் தங்கியிருப்பவர்கள் இங்கேயே வாக்காளராகப் பதிந்துகொள்ள விதியில் இடம் உண்டு. ஆனால் முகவரிச் சான்று வேண்டும். வீட்டுக்காரர்கள் வாடகை ரசீதே தருவதில்லை, ஒப்பந்தமா எழுதித் தரப்போகிறார்கள்? தபால் ஓட்டு ராணுவத்தினருக்கு உண்டு, 85 வயதைத் தாண்டியவர்களுக்கு உண்டு, தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து படிப்பவர்களுக்கும், திருப்பூரில் பனியன் மடிப்பவர்களுக்கும் இல்லை.

இளைஞர்கள் ஓட்டுப் போட வருவதில்லை என்று அங்கலாய்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊரை விட்டவர்களின் ஓட்டு ஊரிலேயே கிடக்கிறது. வேலையின்மையால் அதிகம் அடிபட்டவர்களே ஓட்டுப் போட அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்யச் சட்டம் போதும், பெரிய பணம்கூட வேண்டாம். ஏன் செய்யவில்லை என்ற கோபம் எனக்கு இன்று முழுக்க இருந்தது.

அலகாபாத் தொகுதியில் வாக்குப்பதிவு பாதியைச் சற்றே தாண்டியது.

மே 27, வாரணாசி

வெயில் 45-க்குக் கீழே இறங்கவே இல்லை. பிரதமரின் தொகுதி என்பதால் தலைவர்கள், கேமராக்கள், கூட்டம். எழுத எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. நாளைக் காலை பண்டித் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு போய் (பழைய முகல்சராய்) பாட்னா பக்கம் போகும் வண்டி பிடிக்க வேண்டும்.

மே 29, கஹ்மர்

கங்கைக் கரையில், காசிப்பூர் மாவட்டத்தின் பிகார் எல்லைப் பக்கம், ஸ்டேஷன் உள்ள பெரிய கிராமம் கஹ்மர். தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 228 பேர் போனார்கள், 21 பேர் திரும்பவில்லை என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பகுதிகளுக்கே முன்னோர்களான வீரர்களின் பெயர்கள்.

அதிகாலை நாலரை மணிக்கு ஆற்றங்கரை மைதானத்துக்குப் போனேன். ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் ஸ்டாப்வாட்சுடன் நின்றார். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். முன்பு இந்த மைதானத்தில் இடம் கிடைக்காது என்றார். இன்று முப்பது பேர் இருந்திருக்கலாம்.

கொரோனாவைக் காரணம் சொல்லி 2020, 2021-ல் ஆளெடுப்பு முகாம்கள் ஏறத்தாழ நின்றே போயின. அதற்கு முன்பே ஓடி ஜெயித்து, மருத்துவப் பரிசோதனையும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2022 ஜூன் 14-ல் அக்னிபத் வந்தது. பழைய ஆளெடுப்பு அப்படியே ரத்து. புதிய திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி, முடிவில் நூற்றுக்கு 25 பேர்வரை மட்டும் தொடரலாம், மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்கு. ஓய்வூதியம் இல்லை. வயது வரம்பு 21. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 23 ஆக்கினார்கள்.

அப்படி மருத்துவப் பரிசோதனைவரை தேறி நின்ற ஒருவரைச் சுபேதார் அழைத்து வந்தார். இப்போது ஊரில் தண்ணீர் கேன் போடுகிறார். மருத்துவத் தகுதித் தாளை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். "அப்பா கார்கில்ல இருந்தாரு, தாத்தா 71-ல இருந்தாரு. நான் ஓடறதுல இவங்க ரெண்டு பேரையும் விட வேகம்" என்றார். பிறகு பேசவில்லை.

சுபேதாருக்கு மோடி மேல் மரியாதை உண்டு, ஒளிக்காமல் சொன்னார். "ஆனா நாலு வருஷச் சிப்பாய்க்கு யாரும் பொண்ணு குடுக்கறதில்ல, பேட்டா (மகனே). எங்க ஊர்ல இது வேலை மட்டுமா? குடும்பம் நடக்கறது, வீடு கட்டறது, கிழவிக்கு மருந்து வாங்கறது எல்லாம் பென்ஷன்லதான்." காங்கிரஸும் சமாஜ்வாதியும் அக்னிபத்தை நீக்குவோம் என்கின்றன. ஓட்டு யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 1, காசிப்பூர்

ரயிலில் பார்த்த செக்கிங் பையன் போனில் அழைத்து வரச் சொன்னான். அவன் கிராமத்துத் தொடக்கப்பள்ளிச் சாவடிக்குப் போனேன். பத்து மணிக்கே நிற்க முடியவில்லை. தேர்தல் பணியாளர்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். (இரவு சேர்த்து எழுதுகிறேன்: இன்று மட்டும் மாநிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தில் இறந்திருக்கிறார்கள் என்று செய்தி. ஏப்ரல், மே, ஜூனில் தேர்தல் வைத்தே தீர வேண்டுமா?)

அவன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். சீக்கிரம் திருப்பூர் திரும்ப வேண்டும், ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. திருப்பூரிலேயே வாக்காளர் அட்டை மாற்றிக்கொள்ளேன் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு மறுத்தான். "அங்க ஓட்டு இருந்தா அந்த ஊர் ரோட்டைப் பத்திக் கேக்கலாம்ணா. எங்க மாவட்டத்துல ஏன் ஒரு பனியன் கம்பெனி இல்லைன்னு யாருகிட்ட கேக்கறது?" ஓட்டு ஊரில் கிடக்கிறது என்று ஒரு வாரமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது ஊரிலேயே இருக்க வேண்டும், திருப்பூரில் இருந்தபடி அதைப் போட வழிதான் வேண்டும்.

ஜூன் 4, மீண்டும் சலோரி

ஊர் திரும்ப வண்டி இங்கிருந்துதான். லாட்ஜ் மாடியில் ஒரே போனைச் சுற்றிப் பத்துப் பேர். மாநிலத்தின் 80 இடங்களில் சமாஜ்வாதி 37, பாஜக 33, காங்கிரஸ் 6. 2019-ல் பாஜக 62 வென்ற மாநிலம் இது. அலகாபாத்தில் காங்கிரஸ் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜெயித்திருக்கிறது. 1984-ல் அமிதாப் பச்சன் வென்றதுதான் கடைசி. சலோரி இருக்கும் பூல்பூர் தொகுதியில் பாஜக 4,332 ஓட்டில் தப்பியது. காசிப்பூரில் சமாஜ்வாதியின் அப்சல் அன்சாரி. மத்தியில் பாஜகவுக்கு 240, கூட்டணியோடு ஆட்சி.

இதெல்லாம் வேலையின்மையால் வந்தது என்று நான் எழுத மாட்டேன். சாதிக் கணக்கு, அரசியலமைப்பு மாறிவிடும் என்ற பயம், வேட்பாளர்கள் மேல் இருந்த சலிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் இந்தச் சந்துகளில் இருப்பவர்களின் அப்பா அம்மாக்கள் கிராமங்களில் என்ன நினைத்து வரிசையில் நின்றார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். வினாத்தாள் கசிந்த அந்த இரவு, பிளாட்பாரத்தில் படுத்த பிள்ளை முதலில் போன் செய்தது வீட்டுக்குத்தான்.

மாலையில் பேச்சு சட்டென்று வேறு பக்கம் போனது. 14-ம் தேதி வரவேண்டிய நீட் முடிவு இன்றைக்கே வந்துவிட்டது. 67 பேர் 720-க்கு 720. தேவரியா பையனின் தம்பியும் எழுதியிருந்தான், 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவன். பாட்னாவில் வினாத்தாள் வெளியானதாக மே மாதமே சிலரைக் கைது செய்த செய்தியை எடுத்துக் காட்டினான். போனை என் பக்கம் திருப்பி, "உங்க ஊர்க்காரங்க இந்தத் தேர்வே வேண்டாம்னு ரொம்ப வருஷமா சொல்றாங்களே, ஏன் பையா?" என்று கேட்டான். நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அனிதாவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டே இருந்தது.